காரணம் கேட்ட முதியவர்

வால்டேர் என்ற பெயரைக் கேட்டதும், மன்னரை நகைத்தவர், மதகுருமாரைச் சாடியவர், பிரெஞ்சுப் புரட்சிக்கு வித்திட்டவர் என்று அடுக்கிச் சொல்வது நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. ரூசோவையும் அவரையும் ஒரே நுகத்தில் பூட்டிய இரு காளைகளைப் போலச் சேர்த்தே பேசுவோரும் பலர். அவ்விருவரும் ஒருவரையொருவர் எவ்வளவு வெறுத்தனர் என்பதை அறிந்தால் அப்பேச்சாளர்கள் வருந்துவர். ஈண்டு நான் எழுதப் புகுவது அந்த மேடை வால்டேரைப் பற்றியன்று. 67 வயதில், புகழும் பொருளும் நிரம்பப் பெற்று, ஓய்ந்து உட்கார எல்லாக் காரணமும் இருந்தும், முன்பின் கண்டறியாத ஒரு துணி வணிகருக்காக, அதுவும் இறந்துபட்ட ஒரு வணிகருக்காக, மூன்றாண்டுகள் எழுதுகோலைக் கீழே வையாதிருந்த முதியவரைப் பற்றியே இக்கட்டுரை.

அவருடைய இயற்பெயர் பிரான்சுவா மரீ அரூவே. 1694-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பாரிசு மாநகரில் பிறந்தார். தந்தையார் பத்திரங்கள் எழுதிப் பதிவு செய்யும் தொழிலில் செல்வாக்குப் பெற்றவர். மகனும் சட்டம் பயில வேண்டும் என்பது அவர் அவா. மகனோ சட்டப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பாட்டெழுதப் போனார். ஆட்சிப் பொறுப்பிலிருந்த கோமகனை எள்ளிப் பாடிய குற்றத்துக்காக 1717-இல் பாஸ்டில் சிறையில் அடைக்கப்பெற்றார். விசாரணை இல்லை, வழக்கு இல்லை. மன்னர் முத்திரையிட்ட ஓர் ஓலை வந்தால் போதும், எவரையும் எத்துணை நாளும் அடைத்து வைக்கலாம் என்பது அந்நாட்டு முறை. பதினொரு திங்கள் கழித்து வெளியே வந்தவர், 1718-இல் தம் முதல் நாடகத்தை அரங்கேற்றிப் பெரும்புகழ் எய்தினார். வால்டேர் என்ற பெயரை அவர் சூடிக்கொண்டதும் அக்காலத்தேதான்.

1726-இல் நிகழ்ந்ததொன்று அவர் நெஞ்சில் ஆறாத வடுவாயிற்று. ரோகான் என்னும் பெருங்குடிப் பிரபு ஒருவன் சொற்போரில் அவரிடம் தோற்று, தன் ஏவலாட்களைக் கொண்டு அவரைத் தெருவில் அடிப்பித்தான். அடித்தவன் மேல் வழக்கு எழவில்லை. அடிபட்டவரே மீண்டும் பாஸ்டிலுக்குச் சென்றார்! நாட்டை விட்டுப் போய்விடுகிறேன் என்று இசைந்த பின்னரே விடுதலை. அவ்வாறு அவர் போய்ச் சேர்ந்த இடம் இங்கிலாந்து. அங்கே ஒருவனைச் சிறையில் வைத்தால் அதற்குரிய காரணத்தை நீதிபதி முன் காட்டியாக வேண்டும் என்ற சட்டம் 1679 முதல் நடப்பில் இருந்தது. பிரெஞ்சு நாட்டில் இரு முறை காரணமின்றிச் சிறைப்பட்டவருக்கு இஃது எத்துணைப் புதுமையாகத் தோன்றியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. தாயகம் திரும்பிய பின் இங்கிலாந்தைப் பற்றி அவர் எழுதிய நூலை 1734-இல் பாரிசு உயர்நீதிமன்றம் தீயிலிடப் பணித்தது.

இடைப்பட்ட ஆண்டுகளை விரைந்து கடப்போம். சிரே என்னும் ஊரில், கணிதமும் அறிவியலும் வல்ல எமிலி அம்மையாரின் துணையில் கழித்த ஆண்டுகள், 1749-இல் அவ்வம்மையாரின் மறைவு, பிரஷ்ய மன்னர் பிரெடரிக்கின் அவையில் மூன்றாண்டு வாழ்வும் மனக்கசப்பும், பின்னர் ஜெனீவா. பணம் பெருக்கும் கலையிலும் அவர் வல்லவர். 1759-இல் ஜெனீவாவை அடுத்த பெர்னே என்னும் சிற்றூரில் நிலையாகக் குடியேறினார். எலி வளையானாலும் தனி வளை என்பர். வால்டேரோ எல்லைக்கு இப்புறம் ஒரு வளையும் அப்புறம் ஒரு வளையும் வைத்துக்கொண்டார். பிரெஞ்சுக் காவலர் வந்தால் சுவிட்சர்லாந்துக்குள். அங்குள்ளார் சினந்தால் பிரெஞ்சு மண்ணுக்குள். பிறந்த ஊரை விட்டு அயலில் வாழ நேர்ந்தவரின் எச்சரிக்கை அது.

இனித் தூலூஸ் நகருக்குச் செல்வோம். பிரெஞ்சு நாட்டின் தென்பகுதியில் உள்ள பெருநகரம் அது. அந்நாளில் சீர்திருத்தக் கிறித்தவராகிய புராட்டஸ்டண்டுகளுக்குப் பிரெஞ்சுச் சட்டத்தில் இடமே இல்லை. 1685-இல் பதினான்காம் லூயி மன்னர் அவர்கள் பெற்றிருந்த உரிமை ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன் பின், கத்தோலிக்கக் குருவின் முன் நடவாத அவர்தம் திருமணம் திருமணமாகாது. அதில் பிறந்த பிள்ளை முறையான பிள்ளையாகாது. வழக்கறிஞர் தொழிலுக்கு வேண்டுமாயின் கத்தோலிக்கர் என்ற சான்றிதழ் வேண்டும். மறைவாகத் தொழுகை நடத்திய குரு பிடிபட்டால் தூக்கு. 1762 பிப்ரவரியில் ரொஷேத் என்னும் இளங்குரு அதே தூலூஸில் தூக்கிலிடப்பட்டார்.

அந்நகரில் ஜான் காலாஸ் என்னும் துணி வணிகர் நாற்பதாண்டுக் காலம் கடை வைத்து நேர்மையாக வாழ்ந்தவர், புராட்டஸ்டண்டு. மக்கள் அறுவர். அவர்களில் லூயி என்பவன் கத்தோலிக்கனாக மாறிவிட்டான். அவனை மாற்றத் துணை நின்றவள் அவ்வீட்டுக் கத்தோலிக்கப் பணிப்பெண்ணே. அப்படியிருந்தும் காலாஸ் அவளை வேலையினின்று விலக்கவில்லை. மாறிய மகனுக்குப் பணம் அளிப்பதையும் நிறுத்தவில்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மூத்த மகன் மார்க் அந்துவான் சட்டம் பயின்றவன். சான்றிதழ் கிடையாமையால் வழக்கறிஞனாக இயலவில்லை. 28 வயதாகியும் தந்தையின் கடையில் துணி மடித்துக்கொண்டு மனம் வெதும்பிக் கிடந்தான். 1761 அக்டோபர் 13-ஆம் நாள் இரவு, விருந்தாளியாக வந்த நண்பன் ஒருவனோடு வீட்டார் உண்டுகொண்டிருக்கையில் அவன் எழுந்து கீழே சென்றான். பின்னர் விருந்தாளியை வழியனுப்ப இறங்கியவர்கள் கடையில் கண்டது அவன் பிணத்தை.

தற்கொலை செய்துகொண்டவனின் உடலைத் தெருவில் முகம் குப்புற இழுத்துச் செல்வது அக்காலச் சட்டம். அவ்விழிவினின்று மகனைக் காக்க வேண்டித் தந்தை, எவனோ கொன்றுவிட்டான் என்று சொல்லும்படி வீட்டாரைக் கேட்டுக்கொண்டார். பெற்ற மனம் சொல்லச் செய்த பொய் அது. வெளியே கூடிய கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது: மகன் கத்தோலிக்கனாக மாற இருந்தான், அதனால் தந்தையே கொன்றுவிட்டான் என்று. கத்தியது யார் என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. நகர அதிகாரி அக்குரலை நம்பி வீட்டிலிருந்த அனைவரையும் சிறைக்கு அனுப்பினார். பின்னர்க் காலாஸ் குடும்பத்தார் தூக்கிட்டுக்கொண்டான் என்ற உண்மையைச் சொன்னபோது முன் சொன்ன பொய்யே அவர்களுக்குப் பகையாயிற்று. இறந்தவனுக்கோ, கத்தோலிக்கன் என்ற சான்று ஏதுமின்றியே, பேராலயத்தில் மறைச்சான்றாளனுக்குரிய மரியாதையோடு நல்லடக்கம் நடந்தது. அதன் பிறகு அவன் தற்கொலை செய்துகொண்டான் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

வழக்கு தூலூஸ் பார்லிமானுக்குச் சென்றது. பெயரைக் கண்டு இதனை மக்கள் மன்றம் என மயங்கற்க. அந்நாளில் அஃது உயர்நீதிமன்றத்தின் பெயர். 1670-ஆம் ஆண்டின் குற்றவியல் ஆணைப்படி விசாரணை முழுதும் மூடிய அறையில் நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் துணையில்லை. சாட்சிகள் தனித்தனியே மறைவில் விசாரிக்கப்பெற்றனர். முழுச்சான்று, அரைச்சான்று என்று கணக்கிட்டுக் கூட்டுவர். குறைந்ததைச் சித்திரவதையால் நிரப்பிக்கொள்வர். பதின்மூன்று நீதிபதிகளில் முதலில் எழுவரே சாவுத் தண்டனைக்கு இசைந்தனர், அது போதவில்லை. ஒருவர் மனம் மாறி எண்மராயினர். 1762 மார்ச்சு 9-இல் தீர்ப்பு; மறுநாளே நிறைவேற்றம். சித்திரவதைக்கு உட்படுத்திய பின் சக்கரத்தில் கட்டி எலும்புகளை முறித்தனர். இரண்டு மணி நேரம் உயிர் இருந்தது. உடன் குற்றவாளிகள் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டபோதெல்லாம் குற்றமே இல்லாதபோது உடனிருந்தவர் எப்படி இருக்க முடியும் என்ற பொருளிலேயே அம்முதியவர் விடை பகர்ந்தார். முடிவில் கழுத்தை நெரித்து உடலை எரித்தனர்.

தீர்ப்பில் காரணம் ஒன்றும் இல்லை. என்ன சான்று கண்டோம், எதனை நம்பினோம், எதனைத் தள்ளினோம் என்று நீதிபதிகள் எழுத வேண்டுவதில்லை. வழக்கினின்று புலப்படும் குற்றங்களுக்காக என்ற வாய்பாடு ஒன்றே போதும்.

செய்தி மார்ச்சு இறுதியில் ஒரு வணிகர் வாயிலாகப் பெர்னேக்கு எட்டியது. வால்டேர் முதலில் தந்தையே குற்றவாளி என்று எண்ணி, மதவெறியைப் பற்றி ஓர் எள்ளலோடு கடிதம் எழுதி முடித்துவிட்டார். நம்மில் யார்தாம் செய்தித்தாளில் தூக்குத் தண்டனைச் செய்தியைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டாதவர்? ஆனால் அவருக்கு அன்றிரவு உறக்கம் கெட்டிருக்க வேண்டும். தந்தை மகனைக் கொன்றான் என்றாலும் கொடுமை; நீதிமன்றம் குற்றமற்றவரைக் கொன்றது என்றாலும் கொடுமை. இரண்டில் எது என்று அறியாமல் விடக்கூடாது என்று துணிந்தார். ஜெனீவாவுக்குத் தப்பி வந்திருந்த காலாஸின் இளைய மகன் தோனாவை வரவழைத்துப் பலமுறை கேள்வி கேட்டார். அக்குடும்பத்தை அறிந்தவர்களுக்கெல்லாம் எழுதினார். சில திங்களுக்குப் பிறகே அவருக்கு உறுதி பிறந்தது.

அவருடைய வாதம் எளியது. அறுபதைக் கடந்து கால் தளர்ந்த ஒருவர், வலிமை மிக்க 28 வயது இளைஞனைத் தனியே தூக்கிலிட முடியுமா? முடியாதெனின், அன்றிரவு உடனிருந்த தாய், தம்பி பியேர், விருந்தாளி, பணிப்பெண் ஆகிய அனைவரும் உடந்தையாக இருந்திருக்க வேண்டும். அவர்களுக்கும் அதே தண்டனை கிடைத்ததா? பியேரை நாடு கடத்தினர், ஏனையோரை விட்டுவிட்டனர். அப்படியாயின் காலாஸைக் கொன்ற தீர்ப்பை, எட்டு நாள் கழித்து அதே நீதிபதிகள் தம் கையாலேயே மறுத்துவிட்டனர் என்றன்றோ பொருள்!

வால்டேர் கருணை மனு எழுதவில்லை. இறந்தவருக்குக் கருணை எதற்கு? வழக்குக் குறிப்புகளை வெளியிடுக, காரணத்தைக் கூறுக என்பதே அவர் கேட்டது. காலாஸின் மனைவி ஆன் ரோஸ் அம்மையார் துயரத்தால் நைந்து, பெண் மக்களும் கன்னிமாடங்களில் அடைபட்டுப் பிரிந்திருந்த நிலையில், பாரிசுக்குச் செல்ல அஞ்சினார். அவரைத் தேற்றி அனுப்பியதும், அங்கே அவருக்கு வேண்டிய பொருளைத் திரட்டியதும், ஏலி தெ பொமோன் முதலிய வழக்கறிஞர்களை ஈடுபடுத்தியதும் பெர்னேயிலிருந்தபடியே அவர் செய்தவை. அமைச்சர்கள், அரசவைப் பெண்டிர், பிற நாட்டு மன்னர்கள் என ஒருவரையும் விடாமல் கடிதங்கள் பறந்தன. தாயின் பெயராலும் தோனாவின் பெயராலும் சிறு வெளியீடுகள் வந்தன. 1763-இல் சகிப்புத்தன்மையைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது.

1763 மார்ச்சு 7-இல் வெர்சேலில் கூடிய மன்னர் மன்றம் தூலூஸ் நீதிமன்றத்தின் குறிப்புகளை வரவழைக்க ஒருமுகமாக ஆணையிட்டது. 1764 ஜூனில் தீர்ப்பு தள்ளுபடியாயிற்று. மறு விசாரணைக்காக அம்மையாரும் ஏனையோரும் முறைப்படி மீண்டும் சிறை புகவேண்டியிருந்தது. 1765 மார்ச்சு 9-இல், முதல் தீர்ப்பு வெளிவந்து சரியாக மூன்றாண்டு நிறைந்த அந்நாளில், நாற்பது நீதிபதிகள் ஒருமனதாகக் காலாஸ் குற்றமற்றவர் என்றனர். மன்னர் 36,000 லீவர் குடும்பத்துக்கு அளித்தார். கைது செய்த நகர அதிகாரி பதவியிழந்தார். தூலூஸ் நீதிபதிகளில் எவரும் தண்டனை பெறவில்லை. கோவலன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இவ்விடத்தில் பாண்டியன் நினைவு வருவது இயல்பே. பிழைத்த தீர்ப்பை உணர்ந்த கணமே அவன் அரியணையில் உயிர் நீத்தான். தூலூஸார் தங்கள் ஆசனங்களிலேயே அமர்ந்திருந்தனர்.

இதன் பின் அவர் வாயிலுக்கு வழக்குகள் தாமே வரலாயின. காலாஸைப் போலவே மகளைக் கொன்றதாகப் பழி சுமத்தப்பெற்ற சிர்வேன் என்பார் மனைவி மக்களோடு பனிமலையைக் கடந்து சுவிட்சர்லாந்துக்கு ஓடி வந்திருந்தார். நாட்டில் இல்லாத அவர்களுக்குச் சாவுத் தண்டனை விதித்து உருவ பொம்மைகளை எரித்தனர். அவ்வழக்கு முடிய 1771 ஆயிற்று. அதற்குள் அவர் மனைவி இறந்துவிட்டார். இறுதியில் விடுவித்ததும் தூலூஸ் பார்லிமானே என்பது மனத்துக்குச் சற்று ஆறுதல்.

எல்லாம் வெற்றியன்று. அபேவீல் என்னும் ஊரில், மத ஊர்வலம் கடந்தபோது தொப்பியைக் கழற்றாமை முதலிய குற்றங்களுக்காக லா பார் என்னும் இளைஞனை 1766 ஜூலை முதல் நாள் தலை வெட்டி எரித்தனர். வயது இருபது. அவனோடு சேர்த்து எரித்த நூல் வால்டேர் எழுதிய அகராதி! அம்முறை முதியவர் அஞ்சிவிட்டார் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. சில நாள் சுவிட்சர்லாந்தில் போய் இருந்தார். ஆனால் அதே ஆண்டில், இத்தாலியப் பேரறிஞர் பெக்காரியா குற்றமும் தண்டனையும் பற்றி எழுதிய நூலுக்கு விளக்கவுரை எழுதி, சித்திரவதையையும் காரணம் கூறாத் தீர்ப்பையும் கண்டித்தார். அவர் குறையில்லாதவர் அல்லர். யூத மக்களைப் பற்றி அவர் எழுதிய இழிமொழிகளை இன்று படிக்கையில் நாணம் உண்டாகிறது.

நம் மண்ணோடு தொடர்புடைய வழக்கொன்றும் அவர் கைக்கு வந்தது. 1758-இல் புதுச்சேரிக்குப் படைத்தலைவராக வந்த லாலி பிரபுவைப் பள்ளி வரலாற்றுப் பாடத்தில் நாம் கண்டிருக்கிறோம். தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பிடித்தவர். தஞ்சையை முற்றுகையிட்டுத் தோற்றவர். சென்னைக் கோட்டையை இரண்டு திங்கள் சூழ்ந்திருந்து திரும்பியவர். 1760 ஜனவரியில் வந்தவாசியில் முறியடிக்கப்பட்டு, ஓராண்டில் புதுச்சேரியையும் ஆங்கிலேயரிடம் இழந்தவர். தஞ்சை செல்லும் வழியில் கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் தேடித் தோண்டி, அங்கிருந்த அந்தணர் சிலரை ஒற்றரெனக் கருதிப் பீரங்கி வாயில் கட்டிச் சுடுவித்தவரும் அவரே. அவர்களுக்கு எந்த நீதிமன்றம் காரணம் கேட்டது?

தோல்விக்கு ஒருவர் பழி ஏற்க வேண்டும் என்று பாரிசு கருதியது. லாலியைப் பாஸ்டிலில் வைத்து, வழக்கறிஞர் துணையின்றி விசாரித்து, மன்னரின் நலன்களைக் காட்டிக் கொடுத்தார் என்று தெளிவற்ற சொற்களால் குற்றம் சாட்டி, 1766 மே 9-ஆம் நாள் வாயைக் கட்டி ஏற்றிச் சென்று தலையை வெட்டினர். வால்டேருக்குப் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் முதலீடு உண்டு. ஆகவே புதுச்சேரியின் வீழ்ச்சி அவரையும் தொட்டது. அப்படியிருந்தும், முன்கோபியும் கொடியவரும் ஆகிய ஒரு மனிதர் அதனாலேயே துரோகியாகிவிடமாட்டார் என்று வாதாடினார். லாலியின் மகன் தந்தையின் பெயரை மீட்கப் போராடியபோது துணை நின்றார். இந்தியாவைப் பற்றி 1773-இல் அவர் வெளியிட்ட நூலில் இவ்வழக்கே பெரும்பகுதி. கீழ்வேளூரை நினைத்தால் நம் மனம் இதனை ஏற்கத் தயங்குகிறது. ஆயினும் காலாஸைப் போன்ற நல்லவருக்காக வாதாடுவது எளிது. லாலிக்கும் அதே சட்டம் வேண்டும் என்பதே அரிது.

1778 பிப்ரவரியில், 28 ஆண்டுகளுக்குப் பின், 83 வயதில் வால்டேர் பாரிசுக்கு வந்தார். மார்ச்சு 30-இல் நாடக அரங்கில் அவருக்கு மாலை சூட்டினர். தெருவில் திரண்ட எளிய மக்களோ நாடகாசிரியர் என்று அவரைச் சுட்டவில்லை; காலாஸைக் காத்தவர் என்றே காட்டிக்கொண்டனர். விரைவில் படுக்கையில் விழுந்தார். மே இறுதியில் லாலிக்கு எதிரான தீர்ப்பு தள்ளுபடியானது என்ற செய்தி வந்தது. மயங்கிக் கிடந்தவர் தெளிந்து, 26-ஆம் நாள் லாலியின் மகனுக்குச் சில வரிகள் எழுதுவித்தார். அதுவே அவரது கடைசிக் கடிதம். செய்தியைத் தாளில் எழுதித் தம் கண்ணெதிரே தொங்கவிடச் செய்தார் என்றும் கூறுவர். 30-ஆம் நாள் காலமானார். பாரிசில் சமயச் சடங்கோடு அடக்கம் செய்ய மறுத்தமையால் உறவினர் உடலை இரவோடிரவாக வண்டியில் வைத்துச் செலியேர் மடத்துக்குக் கொண்டு சென்று புதைத்தனர். 1791 ஜூலை 11-இல் பெரும் ஊர்வலத்துடன் எலும்புகள் பாந்தியோன் மண்டபத்துக்கு வந்தன. அங்குள்ள அவரது கல்பேழையில் காலாஸ், சிர்வேன், லா பார் ஆகியோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. லாலியின் பெயர் இல்லை. மறு விசாரணை மேலும் இரு நீதிமன்றங்களுக்குச் சென்றும், அவர் குற்றமற்றவர் என்ற தீர்ப்பு வரவேயில்லை.

குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யும் சித்திரவதை 1780-இல் நீக்கப்பெற்றது. 1787-இல் புராட்டஸ்டண்டுகளின் பிறப்பும் திருமணமும் இறப்பும் சட்டத்தில் பதிவாயின. 1789 ஆகஸ்டில் மனித உரிமை அறிக்கை வந்தது. அதே ஆண்டில் குற்றவாளிக்கு வழக்கறிஞர் துணையும் கிட்டியது. 1790 ஆகஸ்டுச் சட்டம் ஒவ்வொரு தீர்ப்பிலும் காரணம் எழுதப்பட வேண்டும் என்று விதித்தது. ஆனால் மறு ஆண்டே ஜூரி முறை வந்தபோது, பெருங்குற்ற வழக்குகளில் ஜூரிகள் தங்கள் மனச்சான்றுப்படி முடிவு கூறினால் போதும், காரணம் கூற வேண்டா என்றாயிற்று. பிரெஞ்சு நாடு சாவுத் தண்டனையை 1981-இல் ஒழித்தது. அதன் பின்னும் அம்முறை தொடர்ந்தது. இவ்வகை வழக்குகளில் காரணம் இல்லாத தீர்ப்பைப் பற்றி ஸ்ட்ராஸ்பூரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில், பெல்ஜிய நாட்டு வழக்கொன்றை ஒட்டிக் கேள்வி எழுந்தது. அதையடுத்து 2011 ஆகஸ்டில் பிரெஞ்சு நாட்டில் புதிய சட்டம் பிறந்தது. 2012 ஜனவரி முதல் அந்நாட்டு ஜூரி நீதிமன்றமும், ஒருவரைக் குற்றவாளி என்றால் ஏன் என்று எழுதித் தருகிறது.